கேபிளை நிறுத்தலாம், 1,500 ரூபாய் ஆளை நம்ப வேண்டாம்

கேள்வி: வீட்டுக்கு ஃபைபர் நெட் வந்துவிட்டது. இனி கேபிளை நிறுத்திவிடலாமா? அம்மா சன் டிவி சீரியல்களை நேரம் தவறாமல் பார்ப்பார். தெரிந்த ஒருவர், வருடத்துக்கு 1,500 ரூபாய் கொடுத்தால் எல்லாச் சேனலும் எல்லா ஓடிடியும் டிவியில் வரும்படி செய்து தருகிறேன் என்கிறார். (திண்டுக்கல் வாசகர்)

பதில்: முதலில் அந்த 1,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். சேனல்காரர்களிடம் உரிமம் வாங்காமல் திருடி ஓட்டுகிற வேலை இது. ஐபிடிவி (இணைய இணைப்பு வழியாக வரும் டிவி) என்றாலே திருட்டு என்று சொல்லவில்லை, பிஎஸ்என்எல்லே தன் ஃபைபர் இணைப்பில் முறையாகத் தருகிறது. இவர் செய்வது வேறு. பென் டிரைவிலோ லிங்கிலோ ஒரு செயலியைக் கொண்டுவந்து, டிவியின் பாதுகாப்பு அனுமதியைத் திறந்துவிட்டு ஏற்றுவார். பணம் அவருடைய சொந்த யுபிஐ எண்ணுக்குப் போகும், ரசீது வராது. இப்படிப்பட்ட தளங்களை முடக்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் அடிக்கடி உத்தரவிடுகிறது. முடங்கிய அன்று அவர் போனை எடுக்க மாட்டார். அதைவிடப் பெரிய கவலை, யார் எழுதியது என்றே தெரியாத அந்தச் செயலி, நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே வைஃபையில் உட்கார்ந்திருக்கும்.

சரி, கேபிள் விஷயம். எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் இணைய வேகம் போதும், சாதாரண ஃபைபர் திட்டமே தாராளம். படம் சுற்றிக்கொண்டே நின்றால் பெரும்பாலும் வைஃபைதான் காரணம். மோடத்திலிருந்து டிவிக்கு லேன் வயர் இழுத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் யோசிக்க வேண்டியது அம்மாவைத்தான். சன் நெக்ஸ்ட் செயலியில் சன் டிவி நேரலையாகவே வருகிறது, ஆனால் அவருக்குப் பழக்கம் ரிமோட்டில் எண்ணை அழுத்துவது. செயலியைத் திறந்து, விளம்பரங்களையும் பரிந்துரைகளையும் தாண்டி, நேரலையைத் தேடிப் போவதற்குள் சீரியல் பாதி முடிந்திருக்கும். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் செயலி லாகின் கேட்டால் அவர் என்ன செய்வார்? அதனால் ஒரு மாதம் இரண்டையும் வைத்திருங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அவரே போட்டுப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். முடியவில்லையென்றால் கேபிள் இருக்கட்டும், தேவையான சேனல்களை மட்டும் கேட்டு வாங்குங்கள். தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை 2019 முதலே உங்களுக்கு உண்டு. கேட்டால் பேக்கேஜைத்தான் நீட்டுவார்கள், விடாதீர்கள்.

ஆபரேட்டரை மாற்றினாலும் அதே செட்டாப் பாக்ஸ் வேலை செய்ய வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020இலேயே பரிந்துரைத்தது. இன்னமும் ஆள் மாறினால் பெட்டியும் மாற வேண்டியிருக்கிறது. எத்தனை வீட்டுப் பரணில் பழைய பெட்டிகள் கிடக்கின்றன! இதைக் கேட்க யாருமில்லை.

அப்புறம், ஓடிடியில் ‘முதல் மாதம் 1 ரூபாய்’ என்று வந்தால் ஆட்டோபேக்கு (மாதாமாதம் தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் வசதி) ஒப்புதல் கொடுப்பதற்கு முன் அடுத்த மாதத் தொகையைப் பாருங்கள். கரண்ட் போனாலும் நெட் நிற்காமல் இருக்க மோடத்தை இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். கேபிளை நிறுத்துவதானால் எழுத்தில் சொல்லுங்கள். பெட்டி அவர்களுடையது என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.