ஊர் வாட்ஸ்அப் குழுவில் எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவரை நீக்கலாமா?

நீங்கள்தான் அட்மின் என்றும், அவருடைய பெயரைக் கண்டாலே உங்களுக்கு எரிச்சல் வருகிறது என்றும் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீக்காதீர்கள். நான் நீக்கினேன், அந்தப் பிழை இன்னும் மனதை அரிக்கிறது.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில். குழுவில் பாதிப்பேர் கனடா, லண்டன், சுவிஸ். கோயிலடிக் குளத்தைத் தூர்வாரி அடிக்குக் கொங்கிறீற் போடக் காசு சேர்த்தோம். யார் எவ்வளவு தந்தார் என்று நான் பட்டியல் போட, கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழும். அதற்கு நடுவில் வெங்காயம் செய்கிற ஒரு அண்ணை 3 நிமிடக் குரல் பதிவு போட்டார். பின்னால் தண்ணீர் இறைக்கிற மெசின் சத்தம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, வழுக்கையாறும் மாரிக்குத்தான் ஓடும், மழைத் தண்ணீர் குளத்தில் நின்று சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கினால்தான் கிணற்றில் நல்ல தண்ணீர், அடியைப் பூசினால் அது குளமில்லை, தொட்டி என்று சொல்லிக்கொண்டு போனார்.

நான் முழுக்கக் கேட்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, "நல்ல காரியத்துக்குத் தடையாக நிற்காதீர்கள்" என்று எழுதினேன். காசு தருகிறவர்களா இங்கே தண்ணீர் அள்ளப்போகிறார்கள் என்று அவர் சூடாகத் திருப்பி எழுத, அன்று இரவே நீக்கிவிட்டு அந்தப் பதிவையும் எல்லாருக்குமாக அழித்தேன். அதற்குப் பிறகு ஒருவரும் எதிர்த்து எழுதவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், அடிக்குக் கொங்கிறீற்றும் போட்டோம்.

அடுத்த சித்திரையில் கோயில் கிணற்றில் வாளி அடியில் முட்டியது. மழை குறைந்ததும் காரணமாக இருக்கலாம், குளத்தால்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். அப்போது ஒரு தம்பி, அழிக்க முன்னமே வேறு இடத்துக்கு அனுப்பி வைத்திருந்த அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினான். கடைசி அரை நிமிடத்தில் அண்ணை சொல்லியிருக்கிறார்: "அடியை விடுங்கோ, கரையை மட்டும் கல்லால் கட்டுங்கோ, சேறு ஏற்ற என்ரை உழவு இயந்திரத்தைத் தாறன்."

குழப்பக்காரருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது கீழே எழுதக்கூடும். தூஷணம் எழுதுகிறவர், சாதி இழுக்கிறவர், பெண்பிள்ளைகளின் படத்தைப் போடுகிறவர், இவர்களை யோசிக்காமல் நீக்குங்கள், நானும் நீக்குகிறேன். நான் சொல்வது வேலையைப் பற்றிக் கேள்வி கேட்கிறவரை. இப்போது குரல் பதிவை முடியும்வரை கேட்கிறேன். காசுக் கேள்வி வந்தால் பற்றுச்சீட்டைப் படமெடுத்துக் குழுவிலேயே போடுகிறேன், தனியாக எடுத்துச் சமாதானம் சொல்வதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்ல வேண்டும்: குளக்கரைக் கல்வெட்டில் காசு தந்தவர்களின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. 9 நாள் இடுப்பளவு சேற்றில் நின்ற பெடியள் ஒருவருடைய பெயரும் இல்லை. கேட்டதற்கு இடம் காணாது என்றார்கள்.

அண்ணை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தார், குழுவுக்குத் திரும்ப வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாரிக்கு முன்னம் அடியை 4 இடத்தில் உடைத்துவிடுவோமா என்று இப்போது குழுவில் கதைக்கிறோம். எந்த இடத்தில் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.