மரத் தரையில காஞ்ச பெயின்ட்: சான்ட் பேப்பரை எடுக்காதீங்க தம்பி

தம்பி, நீங்க எழுதினது கிடைச்சுது. களுவாஞ்சிக்குடியில இருந்து கனடாவில ஸ்காபரோவுக்கு வந்து மூணு மாசம். வீட்டுக்காரரிட்டக் கேட்டுத்தான் அறைக்குப் பெயின்ட் அடிச்சிருக்கீங்க. இப்ப கட்டிலை இழுத்துப் பார்த்தா யன்னலுக்குக் கீழ மரத் தரையில வெள்ளைத் துளியள் காஞ்சு ஒட்டிக் கிடக்கு. கூட இருக்கிற ஒருத்தர் நகப்பூச்சு அழிக்கிற தண்ணியைப் போடச் சொல்றார், மற்றவர் சான்ட் பேப்பரால தேய்க்கச் சொல்றார். என்ன செய்யிற, கட்டின முற்பணத்தில பிடிச்சுப் போடுவாங்களா எண்டு கேட்டிருந்தீங்க. ரெண்டு பேர் சொன்னதையும் செய்யாதீங்க. மிச்சத்தை ஆறுதலாச் சொல்றன்.

உங்கட கேள்வியை வாசிக்கக்குள்ள நான் ஊர்ல, மட்டக்களப்புக் கல்லடியில, எங்கட வீட்டு வாசல்ல குந்திக்கொண்டு இதே வேலையைத்தான் செஞ்சுகொண்டு இருந்தன். அப்பா போட்ட முதிரைப் படி, வார்னிஷ் அடிச்சது. போன கிழமை சுவருக்கு வெள்ளை அடிச்சவங்க ஒண்டும் விரிக்காம அடிச்சிட்டாங்க. இந்தக் கச்சான் காத்துக்குத் துளி விழுந்த கையோட காஞ்சு போகுது. என்ட தம்பியிட மகன் பிளேட்டோட வந்து நிண்டான். வேணாமெண்டு சொல்லி, ஒரு கோப்பை சுடுதண்ணியும் பழைய துணியும் எடுத்துவரச் சொன்னன்.

நான் ரொறன்ரோவில 11 வருசம் பெயின்ட் வேலை செஞ்சவன். ஆனா அந்த வேலைக்குப் போறதுக்கு முன்னமே, வந்த முதல் குளிர்காலத்தில, வாடகைக்கு இருந்த வீட்டுத் தரையில உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது. எங்கட ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். சிவப்புச் சீமேந்துத் தரையில பெயின்ட் விழுந்தா பிளேட்டால சுரண்டி, தின்னரோ மண்ணெண்ணெயோ துணியில நனைச்சுத் துடைச்சு, பொலிஷ் போட்டுத் தேங்காய் மட்டையால தேய்ச்சா தரை முகம் பார்க்கலாம். அதே கையோட அங்கயும் செஞ்சன். துளி போச்சு. ஆனா அது இருந்த இடத்தில உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்புச் செத்து, சாம்பல் பூத்த மாதிரி ஒரு திட்டு வந்திட்டுது. எண்ணெய் பூசியும் போகல்ல, மெழுகு போட்டும் போகல்ல. வீடு விடுற நாள் வரைக்கும் அந்த இடத்தில ஒரு சின்னப் பாயைப் போட்டு மறைச்சு வைச்சிருந்தன். அந்தப் பாயைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் மனசு குத்தும்.

பிழை என்னெண்டு பிறகுதான் விளங்கிச்சு. அந்த மரத் தரையில நாம மிதிக்கிறது மரத்தையில்ல. மரத்துக்கு மேல பொலியூரிதேன் எண்ட ஒரு தெளிவான பூச்சு, ஒரு கடதாசித் தாளளவு தடிப்பில ஒட்டிக் கிடக்கும். உங்கட பெயின்ட் அனேகமா அந்தத் தோலுக்கு மேலதான் இருக்கு, மரத்துக்குள்ள போகல்ல. ஆனபடியா தோலைக் கிழிக்காமத் துளியை மட்டும் உரிச்செடுக்கிறதுதான் வேலை. நகப்பூச்சு அழிக்கிற தண்ணியில அனேகமா அசிற்றோன் இருக்கும். அது அந்தத் தோலை மங்க வைக்கும். சான்ட் பேப்பர் தோலையே எடுத்திடும்.

முதல்ல என்ன பெயின்ட் எண்டு பாருங்க. சுவருக்கு அடிச்சது அங்க அனேகமா லேட்டெக்ஸ், தண்ணியில கரைக்கிறது. வாளி இன்னும் இருந்தா மூடியில எழுதியிருக்கும். இல்லாட்டி பாமசியில 70 வீத ஐசோபுரோபில் அல்ககோல் போத்தல் ஒண்டு வாங்கி, பஞ்சில கொஞ்சம் நனைச்சுத் துளிக்கு மேல மட்டும் தேய்ச்சுப் பாருங்க. பஞ்சில நிறம் ஏறினா லேட்டெக்ஸ். ஏறாட்டி எண்ணெய்ப் பெயின்ட். இதைச் செய்ய முதல் அலுமாரிக்குள்ள, யாரும் பார்க்காத மூலைத் தரையில ஒரு சொட்டு வைச்சுத் துடைச்சுப் பாருங்க. சில பழைய வீடுகளில பொலியூரிதேனுக்குப் பதிலா ஷெலாக் எண்ட அரக்குப் பூச்சு அடிச்சிருப்பாங்க, அதை அல்ககோல் கரைச்சிடும். மூலை ஒட்டுப்பிசினா வந்தா அல்ககோலை மூடி வைச்சிட்டு, தண்ணியும் சவர்க்காரமும் மட்டும் பாவிங்க.

இப்ப வேலை. சுடுதண்ணியில பாத்திரம் கழுவுற சவர்க்காரம் ரெண்டு துளி விட்டு, துணியை நனைச்சு நல்லாப் பிழியுங்க. துளிக்கு மேல மட்டும் போட்டு அஞ்சு நிமிசம் விடுங்க. தண்ணி தேங்கக் கூடாது, பலகை பொருந்துற இடத்தால உள்ள இறங்கினா விளிம்பு வீங்கும். பிறகு பழைய பேங்க் கார்ட் ஒண்டை, தரையோட படுக்கிற மாதிரிச் சரிச்சுப் பிடிச்சு, மர ரேகை ஓடுற பக்கமாத் தள்ளுங்க. இங்க படியில நான் மூணு தரம் துணி மாத்தினன். முதல் தரம் ஒண்டும் அசையல்ல. ரெண்டாந்தரம் துளியிட ஓரம் மெல்ல எழும்பிச்சு, பால் ஆடை மாதிரி. மூணாந்தரம் கார்ட் உள்ள போய், முழுத் துளியும் ஒரு சில்லாக் கழண்டு வந்திச்சு. கீழ வார்னிஷ் அப்பிடியே மினுங்கிச்சு. பொடியன் அந்தச் சில்லைக் கையில வைச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அசையாத துளிக்குத் தலைமயிர் காய வைக்கிற டிரையரை இளஞ்சூட்டில அரை நிமிசம் பிடிங்க. பெயின்ட் இளகும். மிச்சம் படிஞ்ச வெள்ளையை அல்ககோல் நனைச்ச துணியால துடைச்சு, உடன ஈரத்துணியால எடுத்து, காய்ஞ்ச துணியால ஒத்துங்க. பலகை இடுக்கில இறங்கினதுக்கு ஊர்ல எண்டா ஈர்க்கிலை ஒடிச்சு எடுப்பம். அங்க பல்லுக்குத்துற குச்சி போதும், ஊசி வேணாம்.

எண்ணெய்ப் பெயின்டா இருந்தா மினரல் ஸ்பிரிட்ஸ் வேணும், பெயின்ட் தின்னர் எண்டும் அதை விப்பாங்க. கடையில கவனம். ஒரே தட்டில பெயின்ட் தின்னர், லக்கர் தின்னர் எண்டு ரெண்டு தகரம் நிக்கும். லக்கர் தின்னர்தான் என்ட தரையைத் திண்டது. அதைத் தொடாதீங்க. யன்னலைத் திறந்து, அடுப்பு நிப்பாட்டி, துணியில கொஞ்சமா எடுத்து வேலை செய்ங்க. நனைஞ்ச துணியைச் சுருட்டிக் குப்பைக்குள்ள போடக்கூடாது, நெருப்புப் பிடிக்கும். வெளியில விரிச்சுக் காயப்போடுங்க.

வீடு எவ்வளவு பழசு எண்டும் கேளுங்க. கனடாவில 1960க்கு முன்னம் கட்டின வீட்டில பழைய பெயின்டில ஈயம் இருக்கச் சந்தர்ப்பம் கூட. நீங்க அடிச்ச புதுப் பெயின்டில பயமில்ல. ஆனா அதே தரையில பழைய காலத்துத் துளியள் கிடந்தா, அதைக் காய்ஞ்சபடி சுரண்டித் தூள் பறக்க விடாதீங்க. சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடெண்டா இன்னும் கவனம்.

தரை தேய்ஞ்சு தோல் போன இடத்தில பெயின்ட் மரத்துக்குள்ள ஊறியிருந்தா இந்த வேலை சரிவராது. அதைத் தேய்ச்சுத் திரும்பப் பூசத்தான் வேணும், அது தொழில்காரரிட வேலை. சில தரையில மேல மட்டும் மெல்லிய நல்ல மரம், கீழ ஒட்டுப்பலகை. அளவுக்கு மிஞ்சித் தேய்ச்சா ஒட்டுப்பலகை தெரியும்.

முற்பணம் பற்றி. ஒன்ராறியோவில 2006ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, சேதத்துக்கெண்டு வீட்டுக்காரர் முற்பணம் வாங்க ஏலாது. நீங்க கட்டினது கடைசி மாச வாடகைக்கு மட்டும். அதில பெயின்டுக்கெண்டு கழிக்க ஏலாது. ஆனா நாம செஞ்ச சேதம் நம்மட பொறுப்புத்தான். அவர் முறையா எழுத்தில அறிவிச்சா, முதல் தரம் திருத்தவோ காசு கட்டவோ 7 நாள் இருக்கு. வீட்டுக்காரரோட ஒரே குசினியோ குளியலறையோ பாவிக்கிறீங்க எண்டா இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, அதையும் பாருங்க. வேற மாகாணத்தில சட்டம் வேற.

எண்டாலும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீங்க. துளியளை இண்டைக்கே படம் எடுத்து வைங்க. போகாம நிண்டா நீங்களே அவருக்குக் காட்டிச் சொல்லுங்க. நான் பாயைப் போட்டு மறைச்சது இண்டைக்கும் எனக்குக் கவலை. அந்த வீட்டுக்கார அம்மா எனக்குக் குளிருக்குச் சப்பாத்துத் தந்த மனுசி.

நான் இங்க மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம் முடிஞ்சுதான் ரொறன்ரோவுக்குத் திரும்புவன். அலுமாரி மூலையில சோதிச்சுப் பார்த்திட்டு, பஞ்சில நிறம் வந்ததா எண்டு எழுதுங்க.