வாசகர் கேள்வி-பதில்: கார் பாலிஷ் செய்ய எந்த இயந்திரம், எந்தப் பேடு?

கேள்வி: என் கறுப்பு நிறக் காரின் மீது வெயில் பட்டால் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. வீட்டிலேயே பாலிஷ் செய்ய இயந்திரம் வாங்க எண்ணுகிறேன். கடைக்காரர் 1,200 வாட் ரோட்டரி இயந்திரத்தைக் காட்டுகிறார். நண்பரோ, வீட்டில் இருக்கும் ஆங்கிள் கிரைண்டரில் ஸ்பாஞ்சை மாட்டினாலே போதும் என்கிறார். யார் சொல்வது சரி? (ஈரோடு வாசகர்)

பதில்: இருவர் சொல்வதையும் ஒதுக்கிவிடுங்கள். 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அந்த வேகத்தில் வண்ணப்பூச்சின் மேலுள்ள க்ளியர் கோட் என்ற நிறமற்ற மேலுறை சில நொடிகளில் கருகிவிடும். ரோட்டரி இயந்திரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 முதல் 3,000 சுற்று வரை ஓடுவதால் அவ்வளவு ஆபத்தானது அன்று என்றாலும், ஒரே மையத்தில் சுழல்வதால் உராய்வுச் சூடு ஓரிடத்திலேயே சேர்கிறது. பழகாத கையில் அது பானெட்டின் விளிம்புகளைத் தேய்த்துவிடும், கறுப்பு நிறத்தில் புதிதாக ஒளிக்கோடுகளையும் விட்டுச் செல்லும்.

உங்களுக்குத் தேவையானது, டூயல் ஆக்‌ஷன் என்று கடைகளில் சொல்லப்படும் ஆர்பிட்டல் இயந்திரம். ஆட்டுக்கல்லில் குழவி குழியைச் சுற்றி வந்துகொண்டே தானும் உருள்வதைப் போல, இதில் பேடு (காரின் மீது தேயும் மெத்தை போன்ற வட்டு) மையம் விலகிய ஒரு சிறு வட்டத்தில் சுற்றிக்கொண்டே தன்னிச்சையாகவும் சுழல்கிறது. அழுத்தம் கூடினால் அந்தத் தன்சுழற்சி நின்றுவிடும் என்பதுதான் இதன் பாதுகாப்பு. அதுவே இதன் பலவீனமும் ஆகும். சுழற்சி நின்றபின் இயந்திரம் வெறுமனே அதிருமே தவிர, கீறலை எடுக்காது. பேடு பொருந்தும் பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், வேலையின்போது அது சுற்றுகிறதா, நின்றுவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும்.

வாங்கும்போது வாட் அளவைப் பார்ப்பதைவிட அந்தச் சிறு வட்டத்தின் விட்டத்தைக் கேளுங்கள். 8, 15, 21 மில்லிமீட்டர் ஆகிய அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. 21 மில்லிமீட்டர் இயந்திரம் பெரிய எஸ்.யு.வி.யின் பானெட், கூரை போன்ற சமதளங்களில் விரைவாக வேலை முடிக்கும். ஆனால் வளைவுகள் மிகுந்த சிறிய கார்களின் கதவிலும் பம்பரிலும் அதன் சுழற்சி அடிக்கடி நின்றுபோகும். 8 மில்லிமீட்டர் இயந்திரம் அடக்கமானது, கீறலை எடுக்க நேரம் பிடிக்கும். ஒரே ஒரு காரை வைத்திருப்பவருக்கு 5 அங்குல பிளேட்டுடன் வரும் 15 மில்லிமீட்டர் இயந்திரமே பொருத்தம் என்பது என் கருத்து. வாட் பற்றிய மயக்கம் தீர ஒரு செய்தி: தொழில்முறையாளர்கள் விரும்பி வாங்கிய, இத்தாலியின் ரூபெஸ் நிறுவனத்தின் 15 மில்லிமீட்டர் மார்க் 2 இயந்திரம் 500 வாட் மட்டுமே. அதேபோல, இயந்திரத்தின் மேல் 5,000, 6,800 என்று அச்சிட்டிருக்கும் எண் அந்தச் சிறு வட்டத்தைச் சுற்றும் வேகத்தைக் குறிக்கிறது. பேடு சுழலும் வேகம் அதைவிட மிகக் குறைவு.

விரல் நகத்தால் வருடும்போது நகம் தடுக்கும் அளவுக்கு ஆழமான கீறலை எந்த இயந்திரத்தாலும் எடுக்க முயலாதீர்கள். க்ளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலான கார்களில் 40 முதல் 50 மைக்ரான் அளவுதான். ஒவ்வொரு பாலிஷும் அதில் சிறிது எடுத்துக்கொள்கிறது. தினமும் காலையில் தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள். அந்த வட்டக் கீறல்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வந்திருக்கும்.

கேள்வி: பேடுகள் பல நிறங்களில் வருகின்றன. மஞ்சள் பேடு கடினமானது என்று ஒரு கடையிலும், மென்மையானது என்று இன்னொரு கடையிலும் சொன்னார்கள். எதை நம்புவது? (திருநெல்வேலி வாசகி)

பதில்: இரு கடைக்காரர்களும் பொய் சொல்லவில்லை. பேடு நிறத்துக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. ரூபெஸ் பேடுகளில் நீலம் கரடு, பச்சை நடுத்தரம், மஞ்சள் மென்மை, வெள்ளை மிக மென்மை. அமெரிக்காவின் லேக் கன்ட்ரி பேடுகளிலோ மஞ்சள்தான் கீறல் எடுக்கும் கடினமான வகை. வெள்ளை பாலிஷ் செய்வதற்கானது. ஆகவே ஒரே நிறுவனத்தின் பேடுகளாக வாங்கிக்கொள்ளுங்கள். வெவ்வேறு நிறுவனத்தின் பேடுகளைக் கலந்து வாங்கினால், நிறத்தைப் பார்க்காமல் உறையில் உள்ள விளக்கத்தைப் படியுங்கள்.

நிறத்தைவிட முக்கியமானவை வேறு இரண்டு உண்டு. பேடு பிளேட்டைவிட அரை அங்குலமாவது அகலமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கை சற்றுச் சாய்ந்தாலும் பிளேட்டின் கடினமான ஓரம் காரில் இடித்துவிடும். அடுத்தது தடிமன்: தடித்த ஃபோம் (ஸ்பாஞ்சு) இயந்திரத்தின் அசைவைத் தானே விழுங்கிக்கொள்வதால், ஆர்பிட்டல் இயந்திரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள பேடுகளே நன்றாக வேலை செய்யும். மைக்ரோஃபைபர் பேடும் கம்பளிப் பேடும் ஃபோமைவிட வேகமாகக் கீறலை எடுக்கும், ஆனால் மங்கலான படலத்தை விடக்கூடும் என்பதால் அவற்றுக்குப் பின் மென்மையான ஃபோமால் மறுமுறை ஓட்ட வேண்டியிருக்கும்.

பேடு எத்தனை வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. பலரும் தவறுவது அதில்தான். கீறல் எடுக்கத் தடவும் காம்பவுண்டும் தேய்ந்த க்ளியர் கோட் துகளும் சேர்ந்து பேடு அடைத்துக்கொள்கிறது, சூடேறுகிறது. ஒரே பேடை வைத்து முழுக் காரையும் முடிக்க முயன்றால் பாதிக் கதவைத் தாண்டும்போதே அது வேலை செய்வதை நிறுத்திவிடும். நடுத்தரப் பேடு மூன்று, கடினமானது இரண்டு, மென்மையானது ஒன்று என்று தொடங்கலாம். பானெட்டின் ஒரு மூலையில் நடுத்தரப் பேடால் முதலில் சோதித்து, அது போதவில்லை என்றால் மட்டும் கடினமான பேடுக்குப் போங்கள். இரண்டடிச் சதுரமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் நைலான் பிரஷால் பேடைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். வெயிலில் நின்ற கார் என்றால் தகடு ஆறும்வரை பொறுங்கள். சூடான தகட்டில் பாலிஷ் பேடிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி விடுமுறையில் வரும்போது ஆர்பிட்டல் இயந்திரம் ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறான். வாங்கச் சொல்லலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: வேண்டாம். அங்குள்ள மின்சாரம் 120 வோல்ட். அந்த இயந்திரத்தை நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால், அந்தக் கனமான பெட்டியையும் காரைச் சுற்றி இழுக்க வேண்டும். பிளேட்டின் திருகுமரை அளவும் மாறக்கூடும் என்பதால், பிளேட் தேய்ந்தபின் இங்கே மாற்று கிடைப்பது சிரமம். இயந்திரத்தை இங்கேயே வாங்கிக்கொண்டு, அதன் பிளேட் அளவுக்கு ஏற்ற நல்ல பேடுகளை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். பெட்டியில் அவை எடையே சேர்க்காது.

கேள்வி: அப்பாவின் வெள்ளை அம்பாசிடர் சுண்ணாம்பு அடித்ததுபோல் மங்கிவிட்டது. ஆர்பிட்டல் இயந்திரம் ஓட்டலாமா? (மதுரை வாசகர்)

பதில்: ஓட்டலாம். பழைய வண்ணப்பூச்சுக்கு மேல் க்ளியர் கோட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: கறுப்புத் துணியில் சிறிது பாலிஷ் எடுத்து மறைவான ஓரிடத்தில் தேய்த்தபின், வழக்கத்தைவிட அதிகமாகத் துணியில் வெள்ளை ஏறினால் மேலுறை இல்லை என்று கொள்ளலாம். அப்படியானால் பேடிலும் வண்ணம் ஏறும். அது கோளாறு அன்று, வெயிலில் பட்டுப்போன மேற்படலம்தான் கழிகிறது. மென்மையான பேடும் மெல்லிய பாலிஷும் போதும். பேடுகள் மட்டும் இரட்டிப்பாகத் தேவைப்படும். கதவுகளின் முகட்டு விளிம்புகளில் வண்ணம் முன்பே தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, அந்த ஓரங்களைக் கடைசியில் கையாலேயே துடையுங்கள்.