அடர்காட்டில் காட்டுப்பன்றி வேட்டை: எந்த ரைஃபிளை வாங்கலாம்?

கேள்வி: பல ஆண்டுகளாக ஹூஸ்டனில் வசிக்கிறேன், கிரீன் கார்டு பெற்றவன். கிழக்கு டெக்சாஸில், லிவிங்ஸ்டன் ஊருக்கு அருகே பைன் மரங்களும் புதர்களும் மண்டிய 40 ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறோம். காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து நிலத்தைக் கிளறிவிடுகின்றன. வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டேன். முதல் ரைஃபிள் வாங்க 1,200 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். கடைக்காரர் 45-70 என்ற தோட்டாவுக்கான லீவர் துப்பாக்கியை (நெம்புகோலை அசைத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை) காட்டி, "இதன் கனமான குண்டு புதரைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும்" என்கிறார். நண்பர்கள் 30-30 தோட்டா என்கிறார்கள், 308 தோட்டா என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: கடைக்காரர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அடர்காட்டு வேட்டைக்குத் துப்பாக்கி வாங்குபவர்களை மிக அதிகமாகத் தவறான வழியில் செலவழிக்க வைப்பது அந்த ஒரு வாக்கியம்தான். கனமான, மெதுவான குண்டு சுள்ளிகளை ஒதுக்கிவிட்டு நேராகச் செல்லும் என்ற நம்பிக்கை அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே நெடுங்காலமாக உண்டு. ஆனால் இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் கண்டதெல்லாம், எந்தக் குண்டும் கிளையில் பட்டால் திசை மாறும், சில சமயம் புரண்டு பக்கவாட்டில் போய் மோதும் என்பதுதான். கனமான குண்டு சிறிதளவு குறைவாக விலகலாம்; ஆனால் பன்றிக்கும் சுள்ளிக்கும் இடையே பத்துக் கஜ தூரம் இருந்தால், அந்தச் சிறு விலகலே நெஞ்சில் பட வேண்டிய குண்டை வயிற்றில் பட வைக்கப் போதுமானது. ஆகவே புதரைத் துளைக்கும் துப்பாக்கி என்று ஒன்று கிடையாது. புதர்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளியை விரைவாகக் கண்டு, அதன் வழியே பிழையின்றிச் சுட உதவும் துப்பாக்கிதான் உண்டு. நீங்கள் பணம் கொடுக்க வேண்டியது அதற்குத்தான்.

பைனி வுட்ஸ் எனப்படும் உங்கள் பகுதியில் யோபான் புதரும் முட்கொடியும் மண்டிய இடங்களில் முப்பது, ஐம்பது கஜங்களுக்கு மேல் பார்வை செல்வது அரிது. அந்தத் தூரத்தில் 45-70 தரும் ஆற்றல் தேவையில்லை. 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான அந்தத் தோட்டா பன்றியை வீழ்த்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் இக்காலத் தோட்டாக்களின் உதைப்பு புதியவரைக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கப் பழக்கிவிடும். ஒரு முறை படிந்துவிட்டால் எளிதில் விலகாத பழக்கம் அது. தோட்டாவின் விலையும் அதிகம் என்பதால் பயிற்சியும் குறைந்துபோகும். உங்கள் முதல் துப்பாக்கியாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் முன் பன்றியின் உடலமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். அதன் இதயமும் நுரையீரலும் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாகவும் முன்புறமாகவும், முன்னங்கால்களுக்கு இடையே அமைந்துள்ளன. தோளுக்கு மேலே திமில் போல உயர்ந்திருக்கும் முதுகைப் பார்த்துக் குறிவைப்பவர்கள் மிக மேலே சுட்டுவிடுகிறார்கள். வளர்ந்த ஆண் பன்றியின் தோளில், தங்களுக்குள் நடக்கும் சண்டைகளில் காப்பதற்கென்றே, குருத்தெலும்பு போல இறுகிய தடித்த கவசத் திசு உண்டு. முதிர்ந்த பன்றிகளில் அது ஓர் அங்குலத்தையும் தாண்டும். நல்ல குண்டு அதைத் துளைத்துவிடும். உண்மையான சிக்கல் அதன் பிறகுதான். தடித்த கொழுப்பும் அடர்ந்த மயிரும் குண்டு நுழைந்த சிறு துளையை அடைத்துக்கொள்வதால், இரத்தம் தரையில் சொட்டுவதில்லை. திறந்த வயல் என்றால் விழுந்த இடம் கண்ணில் படும். உங்கள் காட்டில், அடிபட்ட பன்றி நாற்பது கஜம் ஓடிப் புதருக்குள் விழுந்தால், பக்கத்தில் நின்றாலும் காண முடியாது. அது துன்பப்பட்டுச் சாகும். அல்லது காயத்துடன் பதுங்கியிருக்கும் பன்றியைத் தேடி நீங்கள் முட்டிபோட்டு நுழைய நேரும். எனவே மறுபக்கமும் துளைத்து வெளியேறும் குண்டு வேண்டும். என் கருத்தில், ரைஃபிளின் பெயரைவிடக் குண்டின் வகையே இங்கு முக்கியம்.

முழுமையாகச் செம்பினால் ஆன குண்டுகளும், உறையும் ஈயமும் பிரியாதபடி பிணைக்கப்பட்ட குண்டுகளும் இதற்கு ஏற்றவை. மலிவான மென்முனைக் குண்டுகளிலும் கனமானவை வேலை செய்யும். சிறு பிராணிகளைச் சுடுவதற்கென்றே செய்யப்படும், மெல்லிய உறையுடன் சட்டென்று சிதறும் குண்டுகளை விலக்குங்கள். பயிற்சிக் களத்துக்கென விற்கப்படும், முழு உலோக உறையிட்ட குண்டுகளும் வேண்டாம். அவை விரியாமல் ஊசி போலத் துளைத்துச் சென்றுவிடும்.

இனி ரைஃபிளுக்கு வருவோம். உங்கள் நண்பர்கள் சொன்ன இரண்டுமே பொருத்தமானவை. 1895-இல் விற்பனைக்கு வந்த 30-30 தோட்டா அமெரிக்கக் காடுகளில் நூற்றாண்டுக்கு மேல் மான் வேட்டைக்குப் பயன்பட்டு வருகிறது. 170 கிரெயின் (குண்டின் எடையைக் குறிக்கும் அலகு) குண்டை நொடிக்கு ஏறத்தாழ 2,200 அடி வேகத்தில் செலுத்தும், உதைப்பு மிதமானது. மார்லின் 336 போன்ற லீவர் துப்பாக்கி தட்டையாக, எடுத்துச் செல்ல இலகுவாக இருக்கும். தோளிலிருந்து இறக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றலாம். கூட்டமாக வரும் விலங்குக்கு இது பெரிய வசதி. ஒரு கட்டுப்பாட்டை மட்டும் மறக்கக் கூடாது. குழலுக்குக் கீழே உள்ள குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், கூர்முனைக் குண்டு முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்புறத்தில் உள்ள தீமூட்டியை அழுத்தி வெடிக்க வைத்துவிடலாம். தட்டைமுனைக் குண்டு, அல்லது லீவர் துப்பாக்கிக்கென்றே ஹார்னடி நிறுவனம் செய்யும் மென்மையான நெகிழிமுனைக் குண்டு, இவை தவிர வேறெதையும் அதில் நிரப்பக் கூடாது.

308 வின்செஸ்டர் 1952-இல் வந்தது. 150 கிரெயின் குண்டை நொடிக்கு 2,800 அடி அளவில் செலுத்தும். இந்தத் தோட்டாவுக்குக் கிடைக்கும் குண்டு வகைகள் மிக அதிகம். நான் மேலே சொன்ன செம்புக் குண்டுகள் எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கும். நிலத்தின் எல்லையில் திறந்த வெளி இருந்தாலும், பின்னாளில் மான் வேட்டைக்குப் போனாலும், தூரம் ஒரு தடையாகாது. உதைப்பு 30-30-ஐ விடக் கூடுதல் என்றாலும் பழகிக்கொள்ளக்கூடியதே.

உங்கள் தொகைக்குள் முடிவெடுப்பதாயின், 308-இல் குட்டையான குழலுடைய போல்ட் ஆக்ஷன் ரைஃபிளை (கைப்பிடியைப் பின்னிழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) வாங்குங்கள் என்பேன். 1948-இல் அறிமுகமான மார்லின் 336-ஐ ருகர் நிறுவனம் 2023-இல் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. அருமையான துப்பாக்கிதான், ஆனால் புதியது 1,200 டாலரை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். ஸ்கோப் (குறிபார்க்க உதவும் தொலைநோக்கி), காதுக்காப்பு, பூட்டுப்பெட்டி, பயிற்சித் தோட்டா எதற்கும் எதுவும் மிஞ்சாது. 18 அங்குலக் குழலுடைய ருகர் அமெரிக்கன் காம்பாக்ட் போன்ற எளிய ரைஃபிள்கள் அதில் பாதி விலை அளவிலேயே கிடைக்கும். மீதித் தொகையில் நீங்கள் சுடக் கற்றுக்கொள்ளலாம். கடையில் தோளில் வைத்துப் பாருங்கள்: கண்ணை மூடி, துப்பாக்கியைத் தூக்கி, பிறகு கண்ணைத் திறக்கும்போது பார்வை நேராக ஸ்கோப்பின் நடுவில் விழ வேண்டும். கழுத்தை நீட்டியோ சுருக்கியோ தேட வேண்டியிருந்தால், அந்தத் துப்பாக்கி எவ்வளவு புகழ்பெற்றதாயினும் உங்களுக்கு உரியதன்று.

பழைய லீவர் துப்பாக்கி நல்ல விலைக்கு வந்தால் அதுவும் சரியே. குழலின் வாய்ப்பகுதியில் தேய்மானம் இருக்கிறதா, உள்ளே துரு இருக்கிறதா, திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரின் அனுமதியுடன் வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாக்களைப் போட்டு, அவை தடையின்றி ஏறி இறங்குகின்றனவா என்று சோதியுங்கள். 1980-களுக்கு முந்தைய வின்செஸ்டர் 94 துப்பாக்கிகள் வெற்றுத் தோட்டாவை மேல்நோக்கி உமிழ்பவை என்பதால், அவற்றின் மேல் ஸ்கோப் பொருத்துவது சிரமம். மார்லின் பக்கவாட்டில் உமிழ்வதால் அந்தத் தொல்லை இல்லை.

ஸ்கோப் வாங்கும்போதுதான் பலர் கைதவறுகிறார்கள். 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப்பை வழக்கமாகத் துப்பாக்கியோடு சேர்த்தே விற்பார்கள். நெருக்கத்தில் ஓடும் பன்றியை அதில் அதிக மடங்கில் வைத்துப் பார்த்தால் கறுப்பு மயிர் மட்டுமே தெரியும். எந்தப் பகுதி என்று புரியாது. 1 முதல் 4 அல்லது 1 முதல் 6 மடங்கு வரை உள்ளதை வாங்குங்கள். குறைந்த மடங்கில் வைத்து இரு கண்களையும் திறந்தபடியே சுடலாம். பன்றிகள் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும் என்பதால், மங்கிய ஒளியில் தெளிவாகத் தெரியும் கண்ணாடியும், நடுவில் ஒளிரும் சிவப்புப் புள்ளியும் மிகவும் பயன்படும். ஐம்பது கஜத்துக்குக் குறியைச் சரிசெய்துகொண்டால் உங்கள் நிலத்துக்குப் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியது என் கடமை. உங்கள் நோக்கம் நிலத்தைக் காப்பது மட்டுமே என்றால், ரைஃபிள் அதைச் செய்யாது. ஒரு வட்டாரத்தின் பன்றித் தொகை பெருகாமல் இருக்க ஆண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கணக்கு. ஒன்றைச் சுட்டால் மற்றவை ஓடி, பிறகு இரவில் மட்டும் வரப் பழகிவிடும். முழுக் கூட்டத்தையும் ஒருசேர அடைக்கும் பெரிய வேலிப்பொறியே பலன் தருவது. அண்டை நிலத்தாருடன் பகிர்ந்தும் வைக்கலாம். டெக்சாஸில் மரங்களில் ஊதா நிறப் பட்டை பூசியிருந்தால் அத்துமீறி நுழையாதே என்று சட்டப்படி பொருள். ஆகவே அடிபட்ட பன்றி எல்லை தாண்டினால் என்ன செய்வது என்பதையும் அண்டையாரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

கேள்வி (வேறொரு வாசகர்): என்னிடம் ஏற்கெனவே 223 தோட்டாவுக்கான ஏஆர்-15 (தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்) இருக்கிறது. பன்றிக்கு அது போதாதா? புதியது வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: டெக்சாஸில் அது சட்டத்துக்கு உட்பட்டதே, பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். அடுத்த தோட்டா உடனே தயாராக இருப்பது அதன் பலம். ஆனால் அதில் வழக்கமாகப் பயன்படும் 55 கிரெயின் குண்டுக்குத் தவறைப் பொறுக்கும் இடம் மிகக் குறைவு. பொறியில் அடைபட்ட பன்றிக்கோ, அசையாமல் நிற்கும் பன்றியின் காதுக்குப் பின்னால் அளந்து சுடுவதற்கோ அது போதும். அடர்காட்டில், கோணலாக நிற்கும் பெரிய ஆண் பன்றியை அதனால் சுடுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். முதலில் 60 கிரெயினுக்கு மேற்பட்ட செம்பு அல்லது பிணைப்புக் குண்டுக்கு மாறுங்கள். அதிலும் மனம் நிறையவில்லையென்றால், முழுத் துப்பாக்கி வாங்காமல் மேற்பகுதியை மட்டும், கனமான குண்டைச் செலுத்தும் 300 பிளாக்அவுட் என்ற தோட்டாவுக்கு மாற்றலாம். அதே மேகசினே (தோட்டாக்களை அடைக்கும் பெட்டி) பயன்படும். எச்சரிக்கை: 300 தோட்டா 223 குழலில் தவறி ஏறிச் சுடப்பட்டால் துப்பாக்கி வெடித்துச் சிதறலாம். இரண்டும் வீட்டில் இருந்தால் மேகசின்களுக்கு வெவ்வேறு நிறம் பூசி, தனித்தனிப் பெட்டிகளில் வையுங்கள். ஒலியைவிட மெதுவாகச் செல்லும் வகைத் தோட்டாக்களை பன்றிக்கு வாங்காதீர்கள். பெரும்பாலானவை போதுமான அளவு விரிவதில்லை.

கேள்வி (மற்றொரு வாசகர்): நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பரின் தனியார் நிலத்தில் பன்றி வேட்டைக்கு உரிமம் தேவையில்லை என்கிறார்கள். நண்பரின் ரைஃபிளை வாங்கிச் சுடலாம் அல்லவா?

பதில்: இந்தக் கேள்வியைப் படித்ததும் கவலை ஏற்பட்டது, தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். நிலத்துக்குரியவரின் அனுமதியுடன் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றியைச் சுட வேட்டை உரிமம் வேண்டியதில்லை என்று டெக்சாஸ் 2019-இல் சட்டத்தை மாற்றியது உண்மை. ஆனால் அது மாநிலச் சட்டம். உங்களைப் போல் குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதையே கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. நண்பரிடம் இரவல் வாங்கிச் சுடுவதும் இதில் அடங்கும். அந்தத் தடைக்கு உள்ள விலக்குகளில் உங்களுக்குப் பொருந்துவது, அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. ஆகவே பன்றிக்காக மாநிலம் கேட்காத உரிமத்தை, உங்கள் விசாவின் பொருட்டு நீங்கள் கட்டாயம் வாங்க வேண்டும். இதில் தவறினால் குற்ற வழக்கோடு நாட்டில் தங்கும் உரிமையும் பறிபோகலாம்.

எச்-4 விசாவில் உள்ள துணைவருக்கும் இதே விதி. அவருக்குத் தனி உரிமம் வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்கள் கடையில் 4473 எண் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனைக்குப் பிறகு வாங்கலாம். உங்களுக்காக நண்பர் தம் பெயரில் வாங்கித் தருவது தனிக் குற்றம். அதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள்.

டெக்சாஸின் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-இல் காலாவதியாகிறது. எந்த மாதத்தில் வாங்கினாலும் இதுவே முடிவுநாள். செப்டம்பர் முதல் நாளன்று புதிய உரிமம் இல்லாமல் வீட்டில் துப்பாக்கி இருந்தால், அதைத் தொடாவிட்டாலும் தடைக்கு உட்பட்டவராகிவிடுவீர்கள். ஆகவே புதிய ஆண்டுக்கான உரிமம் ஆகஸ்டில் விற்பனைக்கு வந்ததுமே வாங்கிவிடுங்கள். சொந்தமாகத் துப்பாக்கி வாங்கும் முன் குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் உங்கள் விசா நிலையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.