டிரம்ஸ் ஸ்டாண்டு, பெடல், குரோம்: கேள்வி பதில்

போன முறை தோலும் ட்யூனிங்கும் பேசினோம். இந்த முறை வந்ததில் முக்கால்வாசி ஹார்ட்வேர், அதாவது ஸ்டாண்டு, பெடல் போன்ற உலோகச் சாமான் பற்றிய கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, எங்கள் சர்ச் கடற்கரைக்குப் பக்கத்தில். செட் வாங்கி இரண்டு வருடத்துக்குள் குரோம் ஸ்டாண்டெல்லாம் புள்ளி புள்ளியாகத் துரு. அடுத்து கறுப்பு ஸ்டாண்டு வாங்கினால் தப்பிக்கலாமா? (தூத்துக்குடி)

கறுப்பு என்றால் பெரும்பாலும் பவுடர் கோட்டிங், அதாவது ஒரு வகைப் பெயிண்ட். உரியாமல் இருக்கும்வரை நன்றாகக் காக்கும். ஆனால் விங் நட்டும் (கையால் திருகும் காது வைத்த நட்டு) மெமரி லாக்கும் (உயரம் மாறாமல் பிடிக்கும் வளையம்) இறுகப் பிடிக்கிற இடங்களில்தான் முதலில் உரியும். உங்கள் ஊர்க் காற்றுக்கு அந்தக் கீறல் போதும், கோட்டிங்குக்கு அடியிலேயே துரு ஊர்ந்து போகும். மேடை லைட்டில் கண் கூசாது, கைரேகை தெரியாது என்பதற்காகக் கறுப்பு வாங்குங்கள். துருவுக்குப் பயந்து வாங்க வேண்டாம்.

குரோம் ஸ்டாண்டில் நாம் பார்க்கும் பளபளப்பு பெரும்பாலும் அடியில் இருக்கும் நிக்கலுடையது. மேலே உள்ள குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. நிக்கல் மங்காமலும் கீறாமலும் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, உப்புக்காற்று அதன் வழியே இறங்கும். நிக்கல் கனமாக இருந்தால் இரும்பை எட்ட வெகுநாள் ஆகும். மெலிசாக இருந்தால் உங்கள் சர்ச் கதைதான். மலிவு ஸ்டாண்டில் காசு மிச்சம் பிடிப்பது பல நேரம் அந்த நிக்கலில். கடையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் மின்னும். அதனால் ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்து, கால் மடங்கும் இடம், ரிவெட்டைச் சுற்றி, குழாயின் வாய் ஆகியவற்றைப் பாருங்கள். அங்கே சாம்பல் பூத்து, விரல் வைத்தால் சொரசொரவென்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இப்போது இருக்கும் துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள், போய்விடும். துடைத்துக் காயவைத்து கார் வாக்ஸ் மெலிதாகப் பூசுங்கள். முக்கியமாக, செட்டைப் பிளாஸ்டிக் தாளால் மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பழைய பருத்தி வேட்டி போதும்.

பழைய லுட்விக் சுப்ராஃபோனிக் ஸ்நேர் டிரம் ஒன்று விலைக்கு வருகிறது. ஷெல் (டிரம்மின் உடல்) முழுக்கக் கொப்பளம். டூப்ளிகேட்டாக இருக்குமோ? (சென்னை)

கொப்பளத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அந்த மாடலுக்கு அது பிறவிக் குணம். ஆரம்பத்தில் பித்தளை ஷெல் மேல் குரோம் போட்டார்கள். 1960களிலேயே அலுமினியத்துக்கு மாறினார்கள். அலுமினியத்தின் மேல் முலாம் சரியாக ஒட்டாது. ஈரம் உள்ளே போனால் அடியில் பொரிந்து, மேலே கொப்பளித்து உரியும். சத்தத்துக்கு ஒரு குறையும் வராது. லெட் செப்பலின் டிரம்மர் ஜான் பானம் ஆறரை இஞ்ச் ஆழ சுப்ராஃபோனிக்கைத்தான் அடித்து நொறுக்கினார்.

புதுசாக முலாம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முலாமுக்கு முன் ஷெல்லைத் தேய்ப்பார்கள், தோல் உட்காரும் விளிம்பும் சேர்ந்து தேயும். விலையும் இறங்கிவிடும். கொப்பளத்தைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள், அது நியாயம்தான்.

மெல்லிசைக் குழு. வாரத்துக்கு இரண்டு ஊர், வேனில் பயணம். காலுக்கு இரட்டைப் பட்டை போட்ட டபுள் பிரேஸ் ஸ்டாண்டு தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு. ஃப்ளாட் பேஸ் எடுத்தால் ‘பழைய காலத்து செட்’ என்று சிரிக்கிறார்கள். (மதுரை)

சிரிப்பவர்களை ஒரு நாள் உங்கள் பையைத் தூக்கச் சொல்லுங்கள்.

1960கள் வரை எல்லோரும் கால்கள் தரையோடு படுத்திருக்கும் ஃப்ளாட் பேஸில்தான் வாசித்தார்கள். ராக் வந்து சத்தமும் சிம்பலின் அளவும் கூடியபிறகு ஸ்டாண்டுகள் கனத்தன. 70களில் டாமா, பேர்ல், யமஹா மூவரும் தடித்த குழாயோடு வந்தார்கள். 80களில் டோட்டோ குழுவின் டிரம்மர் ஜெஃப் பொர்காரோவோடு சேர்ந்து பேர்ல், எல்லாவற்றையும் மாட்டும் சட்டமான ரேக்கையே கொண்டுவந்தது. கனமாக இருந்தால்தான் தரம் என்ற எண்ணம் அந்தக் காலத்து மிச்சம். இப்போது அதே கம்பெனிகளே ஃப்ளாட் பேஸையும் அலுமினிய ஸ்டாண்டையும் விற்கின்றன.

ஸ்டாண்டு சாய்வது எடையால் மட்டும் இல்லை. பூமை (சிம்பல் மாட்டும் சாய்வுக் கம்பி) எந்தப் பக்கம் நீட்டுகிறீர்களோ, அதற்கு நேர் கீழே ஒரு கால் இருக்க வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை, இரண்டு காலுக்கு நடுவே பூமை நீட்டிவிட்டு ஸ்டாண்டைத் திட்டுவார்கள். ஆனால் ஃப்ளாட் பேஸில் ஒரு சிக்கல் உண்டு. ஊர்த் திருவிழா மேடையில் பலகை மேடுபள்ளமாக இருந்தால் ஸ்டாண்டின் நடுப்பகுதி தரையில் தட்டி ஆடும். என் யோசனை: ஸ்நேருக்கும் சிறிய க்ராஷ் சிம்பலுக்கும் ஃப்ளாட் பேஸ், பெரிய ரைடு சிம்பலுக்கு மட்டும் பழைய டபுள் பிரேஸ்.

தங்க முலாம் ஹார்ட்வேர் எப்படி? (சிங்கப்பூர்)

ஃபோட்டோவில் அழகு. கை படும் இடத்தில் தேய்ந்து போகும்.

ஸ்நேருக்கு டை-காஸ்ட் ஹூப் மாட்டினால் பார்க்க கெத்தாக இருக்கிறது. செட் முழுக்க மாற்றலாமா சார்? (கோவை)

தோற்றத்துக்காக மாற்றினாலும் சத்தமும் சேர்ந்தே மாறும். ஹூப் என்பது தோலை அழுத்திப் பிடிக்கும் வளையம். சாதாரண ஹூப் இரும்புத் தகட்டை மடித்துச் செய்வது. மலிவு செட்டில் 1.6 மி.மீ., நல்லதில் 2.3 மி.மீ. டை-காஸ்ட் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை உருக்கி வார்ப்பது, வளையவே வளையாது. ஸ்நேரில் ரிம்ஷாட் (தோலையும் ஹூப்பையும் சேர்த்து அடிப்பது) வெடிக்கும், கிராஸ் ஸ்டிக் (குச்சியைத் தோலில் படுக்கவைத்து ஹூப்பைத் தட்டுவது) நல்ல ‘டொக்’ என்று விழும், தேவையற்ற ரீங்காரம் அடங்கும். டாமில் அதே குணம் பாதகம். நீளமாகப் பாட வேண்டிய டாம் வாயை மூடிக்கொள்ளும். ஸ்நேரோடு நிறுத்துங்கள். வாங்குமுன் உங்கள் லக் (தோலை இறுக்கும் திருகு மாட்டும் இடம்) எட்டா பத்தா என்று எண்ணிவிடுங்கள். கடைக்காரர் கேட்கமாட்டார்.

அண்ணை, பெடல் கிறீச் எண்டு கத்துது. ரெக்கோர்டிங்கிலயும் கேக்குது. மாத்த வேணுமோ? (யாழ்ப்பாணம்)

லுட்விக் ஸ்பீட் கிங் பெடலின் கிறீச் பானமின் ரெக்கார்டிங்குகளிலேயே கேட்கும், யாரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனாலும் சரிசெய்யலாம். பெடலைக் கையால் மெதுவாக அமுக்கிக்கொண்டே காதைப் பக்கத்தில் வையுங்கள். ஸ்பிரிங்கின் மேல் கொக்கி, குதிகால் கீல், தோலை அடிக்கும் பீட்டரின் அச்சு, இந்த மூன்றில் ஒன்றுதான் கத்தும். கீலுக்கும் அச்சுக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, கொக்கிக்குத் துளி கிரீஸ். அச்சை இடம் வலமாக ஆட்டினால் லொடலொடவென்று ஆடுகிறதா? அப்போதுதான் மாற்ற யோசிக்க வேண்டும். மாற்றுவதானால் இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சிம்பல் ஸ்டாண்டு சும்மா நிற்பது. பெடலும் ஹை-ஹேட் ஸ்டாண்டும் ராத்திரி முழுக்க உழைப்பவை.

காலேஜ் பையன். கையில் கொஞ்சம்தான் காசு. இருக்கும் செட்டில் முதலில் எதை மாற்றுவது? (நாகர்கோவில்)

தம்பி, சிம்பல் ஸ்டாண்டின் உச்சியைப் பார். சிம்பல் ஓட்டைக்குள் நைலான் குழல் இருக்கிறதா, வெறும் திருகு தெரிகிறதா? வெறும் திருகு என்றால் ஒவ்வொரு அடிக்கும் அது சிம்பலை அரத்தால் ராவுகிறது. கொஞ்ச நாளில் ஓட்டை சாவித்துவாரம் மாதிரி நீளும், அங்கிருந்து விரிசல் விடும். குழல், ஃபெல்ட், விங் நட் மூன்றையும் எல்லா ஸ்டாண்டுக்கும் மாற்று. ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு திருகு 6 மி.மீ., 8 மி.மீ. என்று மாறும், அதனால் பழைய விங் நட்டைக் கழற்றிக் கடைக்குக் கையோடு எடுத்துப் போ.