தமிழ் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவது? மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

எழுத்து, பதிப்பு, ஆசிரியர் வேலை ஆகிய மூன்றைப் பற்றியும் மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

பிளஸ் டூவில் தமிழில்தான் எனக்கு அதிக மார்க். பி.ஏ. தமிழ் சேரப் போகிறேன் என்றால் "அதப் படிச்சு என்ன செய்யப் போற?" என்று சித்தப்பா கேட்கிறார். என்ன சொல்வது? (மேலூர் மாணவி)

சித்தப்பா கேட்பதில் தப்பில்லை. கணக்குப் போட்டே பதில் சொல்லிவிடுங்கள். பி.ஏ. மூன்று வருடம், பி.எட். இரண்டு வருடம், அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். அதில் தேறியபின் அரசுப் பள்ளி நியமனத்துக்குத் தனியே ஒரு போட்டித் தேர்வும் உண்டு. எம்.ஏ.வும் பி.எட்.டும் இருந்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதி மேல்நிலை வகுப்புகளுக்குப் போகலாம். கல்லூரியில் பாடம் எடுக்க ஆசை என்றால் எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அதோடு கல்லூரி ஆசிரியர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்ச்சியும் வேண்டும்.

தமிழ்ப் பட்டதாரிகள் பலர் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் உள்ள 150 கேள்விகளில் தமிழுக்கு 30தான். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, ஆங்கிலம் 30. மீதி 60 கேள்விகளுக்குக் கணிதம்–அறிவியல் அல்லது சமூக அறிவியல், இரண்டில் ஒன்றை எடுத்தாக வேண்டும். தமிழ் படித்தவருக்குச் சமூக அறிவியல் கைக்கு அடங்கும். கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்குமான சமூக அறிவியல் பாடப் புத்தகங்களை எடுத்து வைத்துப் படியுங்கள். ஆங்கிலத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றையும் வீட்டில் மறைக்காமல் சொல்லுங்கள். அரசு வேலை கிடைக்கும் வரை சில வருடம் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு உழைக்க வேண்டி வரலாம். அதற்கும் சேர்த்துத் திட்டமிட்டு இறங்கினால் தமிழ் நல்ல படிப்புதான். மதுரையிலேயே மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ்க் கல்லூரி எல்லாம் இருக்கின்றன.

எம்.ஏ. தமிழ் முடிக்கப் போகிறேன். கற்பிப்பதில் ஈடுபாடு இல்லை. புரூஃப் பார்க்கும் வேலை கிடைக்குமா? அதில் முன்னேற வழி உண்டா? (திருநகர்)

இந்தக் கேள்வியை இன்னும் பத்துப் பேர் கேட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். தமிழில் எழுத நிறையப் பேர் வருகிறார்கள், எழுதியதைச் செம்மைப்படுத்த ஆள் இல்லை. புத்தகத் திருவிழாவுக்குத் தமுக்கம் மைதானம் போனால் ஏதாவது ஒரு புதுப் புத்தகத்தை எடுத்து நாலு பக்கம் பாருங்கள். ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாக அச்சாகியிருக்கும். கஷ்டப்பட்டு எழுதியவருக்கு அது எவ்வளவு பெரிய அநியாயம்!

இந்த ஊருக்கும் இந்த வேலைக்கும் பழைய உறவு உண்டு. பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பிறகு, ரா. இராகவையங்காரை முதல் ஆசிரியராகக் கொண்டு ‘செந்தமிழ்’ இதழ் வந்தது. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்து, சுவடிக்குச் சுவடி சொல் மாறும் பாடபேதங்களைக் குறித்து, சரியானதை அச்சுக்குக் கொடுத்த தலைமுறை அது.

மெய்ப்புப் பார்ப்பதில் தொடங்குங்கள். மூலத்தோடு ஒப்பிட்டு எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, விட்டுப்போன வரி எல்லாவற்றையும் பிடிக்கிற வேலை அது. வலி மிகும் இடம், மிகா இடம் கேட்டவுடன் சொல்லத் தெரிய வேண்டும். அடுத்த படி செம்மையாக்கம். வாக்கியம் தடுமாறுகிறதா, சொன்னதையே சொல்கிறதா, மூன்றாம் அத்தியாயத்தில் 1962 என்று வந்த சம்பவம் ஏழாம் அத்தியாயத்தில் 1965 ஆகிவிட்டதா என்றெல்லாம் பார்ப்பது. இதில் தேறியவர்தான் நாளைக்குப் பதிப்பாசிரியர்.

முதல் நாளிலிருந்தே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி நோட்டில் சொற்பட்டியல் எழுதுங்கள். கறுப்பா கருப்பா, போனா ஃபோனா என்று ஒன்றை முடிவு செய்துவிட்டால் கடைசிப் பக்கம் வரை அதுதான். மொழிநடையில் எழுத்தாளரின் விருப்பத்துக்கு விட்டுக்கொடுங்கள். உசிலம்பட்டிக்காரர் பேச்சை உசிலம்பட்டிக்காரர் பேசுகிறபடியே விடுவதும் செம்மையாக்கம்தான்.

கணினி அறிவும் வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் வேகமாகத் தட்டப் பழகுங்கள். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பில் என்னென்ன கெடும் என்பது தெரிந்திருக்க வேண்டும். ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக நிற்கும். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், கணினியில் தேடினால் அகப்படாது. பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருள் கொஞ்சம் தெரிந்தால் அச்சகத்தில் உங்களுக்கு மரியாதையே வேறு.

வேலைக்கு மதுரையில் பதிப்பு உள்ள நாளிதழ்களில் துணை ஆசிரியர் பணிக்கு முயலுங்கள். தினத்தந்தி 1942இல் தொடங்கியதே இந்த ஊரில்தான். சென்னைப் பதிப்பகங்களுக்கு இங்கிருந்தபடியே பக்கக் கணக்கில் வேலை செய்து கொடுப்பவர்களும் உண்டு. ஒரு பக்கம் என்றால் எத்தனை சொல், எத்தனை முறை பார்க்க வேண்டும், பணம் எப்போது வரும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். மனசு முழுக்கக் கதைதான். படிப்பை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆகலாமா? (உசிலம்பட்டி)

வேண்டாம். தமிழில் வழக்கமான ராயல்டி, அதாவது விற்ற புத்தகத்தின் விலையில் எழுத்தாளருக்கு வரும் பங்கு, பத்து சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் உங்களுக்குப் பத்தாயிரம் ரூபாய். முன்பெல்லாம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அச்சடித்தார்கள். இப்போது தேவைக்கேற்ப நூறு, இருநூறு என்று போடுகிறார்கள். எழுதுவதற்குக் கல்லூரியை விட வேண்டிய அவசியமே இல்லை. டிகிரியை முடியுங்கள், ஒரு வருமானம் இருக்கட்டும். இடையில் எழுதிக்கொண்டே இருங்கள். சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் விருது 35 வயது வரையுள்ள எழுத்தாளர்களுக்கானது, உங்களுக்கு நிறையக் காலம் இருக்கிறது.

நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். ஆனால் ஆசிரியராக ஆசை. சரிப்படுமா? (வாடிப்பட்டி)

தாராளமாக. பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அசை பிரிக்கச் சொல்லிக்கொடுங்கள். நேர், நிரை புரியாமல் அந்தப் பிள்ளை விழிக்கும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, வேறு மாதிரி சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறதா? இரண்டாவது என்றால் நீங்கள் ஆசிரியர்தான். பி.எட். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகிற நாட்களில் கூச்சம் பெருமளவு போய்விடும்.

செயற்கை நுண்ணறிவே எழுதுகிறது, மொழிபெயர்க்கிறது. இனி இந்த வேலையெல்லாம் இருக்குமா? (திருமங்கலம்)

சாதாரண அறிவிப்புகளையும் விளம்பர வரிகளையும் எழுதுகிற வேலை குறையும், அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் இயந்திரம் கொடுக்கிற தமிழ் பிழையில்லாமல் இருந்தாலும் ஆங்கில வாக்கியத்தின் சாயலோடு வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அது எழுதினால் கீழவெளி வீதியில் ஒரு கடைக்காரர் பேசுவதும் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர் பேசுவதும் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. தகவல் சரியா என்றும் யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். அந்த ஒருவராக இருக்க நிறைய வாசித்திருக்க வேண்டும். புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 முதல் திறந்திருக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது அங்கே போய் உட்காருங்கள்.

காசு வாங்கிக்கொண்டு ஆய்வேடு திருத்தித் தரலாமா? (நாகமலை புதுக்கோட்டை)

திருத்தலாம், எழுதிக் கொடுக்கக் கூடாது. எழுத்துப்பிழை, வாக்கியம், மேற்கோளின் அமைப்பு வரைக்கும் உங்கள் வேலை. ஒரு இயலையே எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள், எவ்வளவு கொடுத்தாலும் சரி. அது அந்த மாணவரின் பட்டத்தையே கேள்விக்குள்ளாக்கும். மொழித் திருத்தத்துக்கு ஆள் வைத்திருப்பது நெறியாளருக்குத் தெரியுமா என்று முதலிலேயே கேளுங்கள். கோப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது நீங்கள் மாற்றிய ஒவ்வொரு இடமும் தெரிகிற மாதிரி குறித்தே கொடுங்கள்.