முள் எப்போது ஏறுகிறது? வண்டி சூடாவது பற்றி வாசகர் கேள்விகள்

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் எனக்கு வருகிற கேள்விகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்: "வண்டி ஹீட் ஆகுது, என்ன பண்ணலாம்?" எந்த ஊர், எந்த வண்டி, எத்தனை வருஷம் ஆச்சு என்றெல்லாம் விவரமாக எழுதுகிறீர்கள். எப்போது ஹீட் ஆகிறது என்பதை மட்டும் விட்டுவிடுகிறீர்கள். நின்றால் ஏறுகிறதா, ஓடினால் ஏறுகிறதா, மேடேறும்போதா, காலையில் ஸ்டார்ட் செய்த ஐந்தாவது நிமிஷமா? பாதி விடை அதில்தான் இருக்கிறது.

வெயில்மேல் பழி போடாதீர்கள். எஞ்சினை ஆற்ற உள்ளே ஓடும் கூலண்டின் சூடே 90 டிகிரியை ஒட்டித்தான். வேலூரில் வெயில் 42 டிகிரி அடித்தாலும் நல்ல வண்டியின் டெம்பரேச்சர் மீட்டர் முள் நடுவில்தான் நிற்க வேண்டும். மார்கழியில் மறைந்திருந்த கோளாறு சித்திரையில் வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

பைபாஸில் நூறில் போனாலும் முள் அசைவதில்லை. கிரீன் சர்க்கிளில் பத்து நிமிஷம் மாட்டிக்கொண்டால் சிவப்புக்கு ஓடுகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா? (காட்பாடி)

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். வண்டி ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றுதான் துணை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஃபேன் மேல்தான் சந்தேகம்.

வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். பானட்டைத் திறந்து வைத்து, ஸ்டார்ட் செய்து ஏ.சி.யைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் உடனே ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? முதலில் ஃப்யூஸ், பிறகு ரிலே (ஃபேனுக்குக் கரண்டை விடும் சுவிட்ச்), கடைசியாக மோட்டார். ஃப்யூஸ் பெட்டியில் அதே எண் போட்ட இன்னொரு ரிலே இருந்தால் அதை மாற்றிச் செருகிப் பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை. ஏ.சி. போட்டால் சுற்றுகிற ஃபேன், ஏ.சி. இல்லாமல் முள் ஏறும்போது சும்மா இருந்தால் டெம்பரேச்சர் சென்சாரையும் அதன் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேன் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். சாவியை அணைத்த பிறகும் திடீரென்று சுற்றும்.

ஃபேன் நன்றாகவே சுற்றுகிறது என்றால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற ஏ.சி. கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். சமீபத்தில் ஒரு வண்டியில் இரண்டையும் பிரித்தபோது நடுவில் கம்பளி மாதிரி ஒரு படலம்: புழுதி, பஞ்சு, செத்த ஈசல், எங்கிருந்தோ வந்த தார்ப்பாய் நூல். ஓரத்தைப் பிடித்து உரித்தேன், ஒரே துண்டாகக் கையோடு வந்தது. வெளியே இருந்து பார்த்தால் ரேடியேட்டர் பளபளவென்றுதான் இருந்தது. கழுவும்போது எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருக்கிற காற்றும் நின்றுபோகும்.

பதினோரு வருஷ வண்டி. தினமும் காலையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறேன். வீட்டு போர் தண்ணீர்தான். உள்ளே பார்த்தால் டீ நிறத்தில் இருக்கிறது. இப்போது கொஞ்ச தூரம் ஓடினாலே ஹீட் ஆகிறது. (ஆம்பூர்)

நம்ம பக்கத்து வண்டிகளுக்கென்றே உள்ள நோய் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையில் நிலத்தடி நீர் கெட்ட கதை 1996-இலேயே உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பான கதை. தோல் தொழிற்சாலைக் கழிவு எட்டாத இடத்திலும் பல போர்களில் தண்ணீர் உப்புதான். உங்கள் வீட்டில் வெந்நீர் போடுகிற அண்டாவின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று வெள்ளையாகப் படிந்திருக்கிறதல்லவா, அதேதான் தினமும் எஞ்சினுக்குள் போய்ப் படிகிறது.

அண்டாவின் வாய் அகலம், சுரண்டிவிடலாம். ரேடியேட்டர் குழாயின் உள்வாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். உப்பு ஒரு சுற்றுப் படிந்தாலே தண்ணீர் ஓட இடமில்லை. அடைக்காத இடத்திலும் அந்தப் படிவம் போர்வை போர்த்தியது போலச் சூட்டை வெளியே விடாது. அதற்கும் மேலே, உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். நீங்கள் சொல்கிற டீ நிறம் அந்தத் துருதான்.

பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் மேல்தொட்டியைப் பிரித்து, கம்பி விட்டுக் குத்தி, திரும்பப் பற்றவைத்துவிடுவோம். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் அந்த வேலை நடக்காது. லேசான அடைப்பென்றால் ஃப்ளஷ் செய்தால் தேறும், கெட்டிப்பட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். எவ்வளவு அடைப்பு என்று ஊகிக்க வேண்டாம். வண்டி சூடான பிறகு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முகம் முழுக்கக் காட்டினால், தண்ணீர் ஓடாத பகுதி தனியாகக் குளிர்ந்து தெரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இவ்வளவு துருப்பிடித்த வண்டியை ஃப்ளஷ் செய்தால் சில சமயம் புதிதாக ஒழுகத் தொடங்கும். ஓட்டையை அதுவரை துருவே அடைத்துக்கொண்டிருந்திருக்கும். ஃப்ளஷ் செய்தவரைத் திட்டாதீர்கள்.

இன்னொன்று, தினம் ஒரு லிட்டர் எங்கே போகிறது? கூலிங் சிஸ்டம் மூடிய அமைப்பு. மாதக்கணக்கில் மட்டம் இறங்கவே கூடாது. ஹோஸ் கிளாம்ப், வாட்டர் பாடியின் (தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்) அடியில் உள்ள சின்ன ஓட்டை, ரேடியேட்டர் தொட்டி விளிம்பு, இந்த மூன்றிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுக்கை அடைத்த பிறகு கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். இங்கே பனி உறைவதில்லை, கூலண்ட் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். துருவையும் அரிப்பையும் தடுக்கிற மருந்து அதில்தான் இருக்கிறது. நமக்கு வேண்டியது அந்த மருந்து.

தெர்மோஸ்டாட் நம்ம ஊருக்குத் தேவையில்லை என்று மெக்கானிக் கழற்றிப் போட்டுவிட்டார். ஹீட் நின்றது, ஆனால் மைலேஜ் இறங்கிவிட்டது. (குடியாத்தம், பெண் வாசகர்)

அம்மா, திரும்ப மாட்டச் சொல்லுங்கள். இந்தப் பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுப்பதில்லை. எஞ்சின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் எஞ்சின் வேண்டிய சூட்டுக்கே வராது. கம்ப்யூட்டர் வண்டி இன்னும் குளிர்ந்திருப்பதாக நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். சில எஞ்சின்களில் பைபாஸ் வழியை மூடுவதும் தெர்மோஸ்டாட்தான். அதை எடுத்தால் கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, நெடுஞ்சாலையில் ஹீட் ஆகும்.

பழையது கெட்டதா என்று அடுப்பிலேயே பார்க்கலாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிடுங்கள். அதன்மேல் 82, 88 என்று ஏதாவது ஓர் எண் குத்தியிருக்கும். தண்ணீர் அந்தச் சூட்டை எட்டும்போது நடுத்தட்டு மெல்ல விலகும்; கொதிக்கிற வரைக்கும் வாய் திறக்கவில்லை என்றால் தூக்கிப்போடலாம்.

ஏலகிரி ஏறும்போது மட்டும், அதுவும் பாதி வளைவு தாண்டிய பிறகு முள் ஏறுகிறது. சமதளத்தில் ஒன்றுமில்லை. (ஜோலார்பேட்டை)

14 கொண்டை ஊசி வளைவையும் மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறுகிறீர்களா? இரண்டுக்கு வாருங்கள். வாட்டர் பாடி வேகமாகச் சுற்றும், எஞ்சினும் திணறாது. அப்படியும் ஏறினால் முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றுங்கள். இருக்கிறதிலேயே மலிவான சாமான் அதுதான். மூடி அழுத்தம் பிடித்தால்தான் உள்ளே கொதிநிலை 120-ஐ ஒட்டி நிற்கும். ரப்பர் காய்ந்து அழுத்தம் கசிந்தால் அதற்கு முன்னாலேயே கொதித்துவிடும். மூடி மாற்றியும் தீராவிட்டால் ரேடியேட்டரில் பாதி அடைப்பு இருக்கலாம்.

பச்சைக் கூலண்ட் இருக்கிற வண்டியில் சிவப்பை ஊற்றலாமா? (ராணிப்பேட்டை)

கூடாது. நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள வகையைப் பாருங்கள். ஒத்துப்போகாத இரண்டு கலந்தால் கூழாகி அடைக்கும்.

நடுவழியில் முள் சிவப்பைத் தொட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஆற்றலாமா? (வாணியம்பாடி)

ஏ.சி.யை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வையுங்கள். உள்ளே வேகும், ஆனால் எஞ்சினிலிருந்து கொஞ்சம் சூட்டை இழுக்கும். ஓரம்கட்டி அணைத்துவிடுங்கள். "டோல் வரைக்கும் போய்விடலாம்" என்று ஓட்டிய இரண்டு கிலோமீட்டரில் ஹெட் (எஞ்சினின் மேல்பாகம்) வளைந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கொதிக்கிற எஞ்சின்மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

ரேடியேட்டர் மூடியை மட்டும் அரை மணி நேரத்துக்கு முன் திறக்கவே கூடாது. தொழில் பழகிய நாளில், கந்தல் துணி சுற்றினால் போதும் என்று நினைத்து நான் திறந்தேன். பீய்ச்சி அடித்த தண்ணீர் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வழித்துக்கொண்டு போனது. அந்தத் தழும்பைப் பட்டறைக்கு வருகிற பையன்களிடம் முதல் நாளே காட்டிவிடுவேன்.

எங்கும் ஒழுகவில்லை, ஆனால் கூலண்ட் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை. நாளை மறுநாள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு சென்னை போக வேண்டும். ஏதாவது ஊற்றிச் சமாளிக்கலாமா? (ஆற்காடு)

ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இருக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிஷத்தில் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகாத நேரத்தில் ஹோஸ் கல்லாக இருந்தால், எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் வருகிறது. ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரிப் படிந்திருந்தால் ஆயிலிலும் தண்ணீர் கலந்தாயிற்று. பட்டறையில் நீல நிறத் திரவம் வைத்துச் சோதிப்பார்கள். மஞ்சளானால் சந்தேகமே இல்லை.

கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிடச் சொல்லாதீர்கள். ஹெட்டை லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்க்க வேண்டும். ஒரு தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அதில் பாதி அளவு வளைந்திருந்தாலே பல எஞ்சின்களில் புதுக் கேஸ்கட்டும் நிற்காது.

ஒழுக்கு அடைக்கும் பவுடர் எதையும் ஊற்றாதீர்கள், அது ரேடியேட்டரையும் சேர்த்து அடைக்கும். அந்த வண்டியில் சென்னைக்குக் கிளம்பவும் வேண்டாம். வாலாஜா ரோட்டில் ரயில் ஏறிக் கல்யாணத்துக்குப் போய் வாருங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் விடச் சொல்லுங்கள்.